14ஆம் தேதிக்குப் பிறகு

எங்கள் நூல் கடையில் ஒவ்வொரு மாதமும் 14 முதல் 20 வரை யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. ஜிஎஸ்டி தளத்தில், விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி அறிக்கை 14ஆம் தேதி வரும்; 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்ய 20 கடைசி நாள். அதற்குள் கொள்முதல் பில் ஒவ்வொன்றையும் அறிக்கையோடு ஒப்பிட்டாக வேண்டும். விற்றவர் கணக்கில் காட்டாத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. கணக்கு எழுதும் அண்ணன் ஸ்கேலை வைத்து வரி வரியாக டிக் அடித்துக்கொண்டு இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் தங்கை மகன் எக்செல்லில் ஒரு மேக்ரோ எழுதித் தந்தான். ஜிஎஸ்டி எண், பில் எண், வரித்தொகை மூன்றையும் அதுவே ஒப்பிடும். முதல் தடவை பாதி பில்கள் பொருந்தவே இல்லை. நாங்கள் 0123 என்று பதிந்த பில் எண்ணை விற்றவர்கள் 123 என்று ஏற்றியிருந்தார்கள். சாய்கோடும் சிறுகோடும் தனித் தொல்லை. முன்னால் நிற்கும் பூஜ்யத்தையும் கோடுகளையும் உதறிவிட்டு ஒப்பிடலாம் என்று சொன்னவர் அண்ணன்தான். எத்தனை வருட அனுபவம் அது!

இப்போது பத்தே நிமிடம். ஏழெட்டு பில்கள் மட்டும் சிவப்பில் மிஞ்சுகின்றன. அந்த பில்களைத் தந்தவர்களுக்கு அண்ணன் போன் போடுகிறார். "என்னங்க, ரிட்டர்ன் இன்னும் போடலியே, உடம்பு ஏதும் சரியில்லீங்களா?" யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அவர் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். நேற்று ஆறு மணிக்கே கிளம்பினார். பேத்திக்கு சைக்கிள் பழக்கணுமாம்.