தக்கிண தூபியருகே

2014இல் எமது மகளிர் குழுவோடு அனுராதபுரம் சென்றேன். தக்கிண தூபியை நெடுங்காலமாக எல்லாளன் சமாதி என்றே மக்கள் கருதினர். பின்னர் தொல்லியலாளர் பரணவிதான அதனைத் துட்டகைமுனுவின் தகனத்தோடு தொடர்புபடுத்தினார். அது அறிஞர் விவாதம். கி.மு. 161 அளவில், தான் போரில் கொன்ற எல்லாளனுக்குத் துட்டகைமுனு நினைவுச்சின்னம் எழுப்பி வழிபாடு செய்வித்தான் என்கிறது மகாவம்சம். அவ்விடம் நெருங்கும்போது அரசர்களும் வாத்திய ஓசையை நிறுத்துவார்களாம்.

இதைக் கேட்டிருந்த அக்கா ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

“எங்கட வளவுக்குள்ள காயத்தோட கிடந்த ஆமிக்காரப் பெடியனுக்குத் தண்ணி குடுத்தனான், தங்கச்சி. கிட்டப் போகக்கூடாது எண்டு சொல்லியிருந்தவை. இதுவரைக்கும் ஒருத்தரிட்டையும் சொல்லேல்ல.”

“தப்பினவனோ?”

“தெரியாது. செம்பை வாங்கேக்க ‘அம்மே’ எண்டவன்.”

திரும்பும்போது, பாட்டுப் போட வேண்டாமென்று சாரதியிடம் அவரே சொன்னார்.