பழுதற்ற முத்தைத் தேடி: ஐதராபாத்திலிருந்து மேதக் வரை



ஐதராபாத்துக்கு வரும் நம்மவர்கள் சார்மினாரைப் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள பத்தர்கட்டி கடைவீதியில் முத்துமாலை விலை கேட்காமல் திரும்புகிறதில்லை. தூத்துக்குடியையே முத்து நகர் என்று அழைத்துப் பழகிய நமக்கு, கடலே இல்லாத இவ்வூருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது வியப்பாயிருக்கும். இங்கே ஒரு முத்தும் விளைகிறதில்லை. நிஜாம்களின் காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து முத்துக்கள் வந்திறங்கின. துளையிடுகிறவர்களும் தரம் பிரிக்கிறவர்களும் கோக்கிறவர்களும் இங்கே குடியேறிப் பெருகினார்கள். இப்பொழுது விற்பவற்றில் பெரும்பகுதி சீன தேசத்து நன்னீர்க் குளங்களில் வளர்க்கப்பட்டவை.

நம்மில் அநேகர் நகை அணிகிறதில்லை. ஆனாலும் அந்தக் கடைகளில் ஒரு காரியத்தைக் கற்றுக்கொள்ளலாம். இரண்டு முத்துக்களை ஒன்றோடொன்று மெல்ல உரசினால், மெய்யானவை நுண்மணல்போல் சொரசொரக்கும். போலிகளோ வழுக்கிக்கொண்டு போகும். மாலையின் மணிகள் யாவும் ஒரே அளவும் ஒரே நிறமும் ஒரே உருண்டையுமாய், ஒரு பழுதுமின்றிக் குறைந்த விலைக்குக் கிடைக்குமானால், விவரமறிந்தவர்கள் அதை வாங்கத் தயங்குவார்கள். சிப்பிக்குள் உருவான எதற்கும் ஏதாவதொரு வளைவோ புள்ளியோ இருந்தே தீரும்.

மலைப்பிரசங்கத்தில் நம்மை நடுங்கப்பண்ணும் வார்த்தை ஒன்று உண்டு. மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், பிதாவைப்போல நாமும் ‘பூரண சற்குணர்’ ஆகவேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார். போதகனாக நான் அதிகமாய்க் கேட்டிருக்கும் கேள்விகளில் இதைப் பற்றியதும் ஒன்று. அதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதம். மாதாப்பூரிலோ கச்சிபௌலியிலோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் வாலிபன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாவத்தில் விழுந்து எழுந்திருக்கிறான். மாதங்கள் கடந்தும் கர்த்தருடைய பந்தியில் கை நீட்டாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். பூரணம் தனக்கு எட்டாதென்று அவன் முடிவுசெய்துவிட்டான். இன்னொருவர் மூப்பர். சினிமா இல்லை, நகை இல்லை, ஒரு ஆராதனையையும் தவறவிட்டதில்லை. ஆனால் ஊரில் பாகப்பிரிவினையில் பிரிந்த தம்பியோடு பத்து வருஷமாய்ப் பேச்சில்லை. பூரணம் தமக்கு ஏறக்குறையக் கைகூடிவிட்டதென்று இவர் எண்ணுகிறார். இருவரும் அந்த வசனத்தை ஒரேவிதமாய்த்தான் படிக்கிறார்கள், பழுதுகளின் கணக்காக. ஒருவருடைய கணக்குப் புத்தகத்தில் கறை இருக்கிறது, மற்றவருடையதில் இல்லை.

மூலபாஷையில் அங்கே வரும் சொல் ‘தெலெயோஸ்’. தன் நோக்கத்தை எட்டியது, முழு வளர்ச்சியடைந்தது என்பது அதன் பொருள். எபிரெயர் 5ஆம் அதிகாரத்தில் இதே சொல்லை நம் வேதாகமம் ‘பூரண வயதுள்ளவர்கள்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தில் ‘தேறினவர்கள்’ என்கிறது. அந்தப் பிலிப்பியர் பகுதியைக் கவனித்துப் படியுங்கள். 12ஆம் வசனத்தில், தாம் இன்னும் பூரணத்தை எட்டவில்லை என்கிறார் பவுல். மூன்று வசனங்கள் கழித்துத் தேறினவர்களோடு தம்மையும் சேர்த்துக்கொள்கிறார். மூலபாஷையில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். இன்னும் ஓடவேண்டியிருக்கிறது என்று அறிந்திருப்பதே தேர்ச்சியின் அடையாளமாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆபிரகாமையும் பாருங்கள். 99 வயதில் உத்தமனாயிருக்கும்படி அழைக்கப்பட்டவன் அவன். அங்குள்ள எபிரெயச் சொல்லாகிய ‘தாமிம்’ என்பதற்கு முழுமையானது, பிளவில்லாதது என்று பொருள். அதே ஆபிரகாம் பின்பு கேராரில் மனைவியைச் சகோதரி என்று சொல்லி இடறினான். தேவன் அந்த அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் இந்தக் கட்டளை எதன் முடிவில் வருகிறது? சத்துருக்களைச் சிநேகிப்பதைப் பற்றிய போதனையின் முடிவில். தீயோர்மேலும் நல்லோர்மேலும் ஒரே சூரியனை உதிக்கப்பண்ணும் பிதாவைச் சொல்லிவிட்டே ஆண்டவர் பூரணத்தைச் சொல்லுகிறார். லூக்கா 6ஆம் அதிகாரத்தில், அதே போதனையில், பிதாவைப்போல இரக்கமுள்ளவர்களாயிருங்கள் என்று வருகிறது. ஆகவே இங்கே கேட்கப்படுவது பாதி மனிதருக்கு மட்டும் கொடுக்கப்படாத அன்பு, பிளவுபடாத அன்பு.

இந்தச் சத்தியத்துக்காக ஒரு காலத்தில் மிகுந்த நிந்தை சுமந்தவர் இங்கிலாந்து தேசத்து ஜான் வெஸ்லி. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. அவர் வழிவந்த மிஷனெரிகளோ 1870களின் இறுதியில் செகந்திராபாத்துக்கு வந்தார்கள். அந்தக் கன்டோன்மென்டில் சென்னை ராணுவத்தின் படைப்பிரிவுகள் தங்கியிருந்தபடியால், தமிழும் அங்கே ஒலித்த பாஷைகளில் ஒன்றாயிருந்தது. இன்று திருமலகிரியிலும் மல்காஜ்கிரியிலும் வாடகைக்குக் குடியிருக்கும் நீங்கள் இவ்வூருக்குப் புதிய தமிழர்கள் அல்ல!

வெஸ்லியின் நாட்களில் நடந்த ஒரு காரியம் நமக்கு எச்சரிப்பு. லண்டனில் அவருடைய சங்கத்திலிருந்த ஜார்ஜ் பெல் என்பவர், தேவதூதரைப்போன்ற பூரணம் தமக்கு வாய்த்துவிட்டதென்று முழங்கினார். 1763 பிப்ரவரி 28ல் உலகம் முடியும் என்று நாளும் குறித்தார். அந்நாள் மற்ற நாட்களைப்போலவே கடந்துபோயிற்று. பரியாசமெல்லாம் வெஸ்லியின் தலையில் விழுந்தது. அவர் போதனையைக் கைவிடவில்லை. 1766ல் ‘கிறிஸ்தவப் பூரணம்’ பற்றித் தெளிவான விளக்கமாக ஒரு நூலை வெளியிட்டார். அறியாமையும் பிழையும் பலவீனமும் சோதனையும் இல்லாத நிலையை அவர் பூரணம் என்று சொல்லவில்லை. தேவனையும் பிறனையும் முழு இருதயத்தோடு நேசிக்கும் அன்பு இருதயத்தை ஆளுவதையே அப்படி அழைத்தார். அந்த நிலையிலும் ஒவ்வொரு நொடியும் கிறிஸ்துவின் இரத்தம் தேவை என்றார். மறுவருஷம் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், தாம் வரைந்துகாட்டும் அந்தப் பூரணரின் சாயலைத் தாமே எட்டவில்லை என்று பகிரங்கமாய் ஒப்புக்கொண்டார். இந்தக் கடிதத்தை நம் பிரசங்கிகள் வாசித்தால் நலமாயிருக்கும்.

பெந்தெகொஸ்தே எழுப்புதலின் வேர்களில் ஒன்று இந்த வெஸ்லியின் போதனையே. 1906ல் அசூசா தெருவில் ஊழியம் செய்த வில்லியம் சீமோர் அந்தப் பரிசுத்த இயக்கத்திலிருந்து வந்தவர். இரட்சிக்கப்பட்டேன், பரிசுத்தமாக்கப்பட்டேன், அபிஷேகிக்கப்பட்டேன் என்று மூன்று படியாய்ச் சாட்சி சொல்லும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். படிகளை எண்ணக் கற்றுக்கொண்ட நாம், அன்பு என்னும் பொருளடக்கத்தை வழியில் எங்கோ நழுவவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

செகந்திராபாத் ஜூபிலி பஸ் நிலையத்திலிருந்து மேதக்குக்குப் பேருந்துகள் உண்டு. தூரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஊரை நெருங்கும்போதே ஆலயக் கோபுரம் தெரிகிறது. அதன் உயரம் 175 அடி. ஆலயத்தின் நீளம் 200 அடி, அகலம் 100 அடி. வெஸ்லியன் மிஷனெரி சார்லஸ் வாக்கர் போஸ்னெட் அதைக் கட்டினார். 1914ல் வேலை ஆரம்பித்தது. 1924 டிசம்பர் 25ல் பிரதிஷ்டை நடந்தது. அது பஞ்சமும் நோயும் வாட்டிய காலம். பிச்சையாக அல்லாமல், ஆலய வேலைக்குக் கூலியாகவே ஜனங்களுக்கு ஆகாரம் கிடைக்கும்படி போஸ்னெட் ஏற்பாடு செய்தார் என்று இவ்வூரார் இன்றும் சொல்லுகிறார்கள். இந்தச் சுற்றுப்புறத்தில் சுவிசேஷத்தை ஏற்றவர்களில் பெரும்பாலோர், மற்றவர்கள் தொடமறுத்த மாலா, மாதிகா ஜனங்கள். கல் சுமந்த கைகளில் அவர்களுடைய கைகளும் இருந்தன. கட்டிமுடித்தபின் அதே தளத்தில் அவர்கள் அமர்ந்தார்கள்.

இந்த இடத்தில் உங்களிடம் வெளிப்படையாய் ஒன்று சொல்லவேண்டும். நம் குடும்பங்களில் வரன் தேடுகையில், விசுவாசியாயும் அபிஷேகம் பெற்றவராயும் இருக்கவேண்டும் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ஜாதியையும் எழுதுகிறோம். பிள்ளைகள் சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்திருப்பார்கள். அந்த ஒரு வரி மட்டும் கிராமத்திலிருந்து நம்முடனே பயணம்பண்ணி வந்திருக்கும். காதணியைக் கழற்றுவதை நான் இழிவாய்ப் பேசவில்லை. அதைத் தேவனுக்கென்று செய்த தாய்மார்களை நான் அறிவேன். ஆனால் காதணியைக் கழற்றினவர்கள் வீட்டு வேலைக்கு வரும் தெலங்கானா சகோதரிக்குத் தனி டம்ளர் வைத்திருந்தால், மத்தேயு 5ஆம் அதிகாரம் அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை. மேற்சொன்ன மூப்பர் தம் தம்பிக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்யட்டும். தம்பி எடுக்காமற்போகலாம், அதற்கு இவர் பொறுப்பல்ல. பின்வரிசை வாலிபனோ பந்திக்கு வரட்டும். விழுந்ததை அறிக்கையிட்டு எழுந்து நடக்கிறவனைவிடத் தேறினவன் யார்? வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தையை யாரும் ஊனமென்று சொல்லுகிறதில்லையே.

மேதக் ஆலயத்துக்குள் போனால் மூன்று பெரிய வண்ணக்கண்ணாடி ஜன்னல்களைக் காண்பீர்கள். ஓவியர் பிராங்க் சாலிஸ்பரி வரைந்தவை. பிரதிஷ்டையான நாளில் அவற்றில் ஒன்றும் இல்லை. ஆண்டவர் பரமேறும் காட்சி 1927ல் வந்தது. அவருடைய பிறப்பு 1947ல் வந்தது, தென்னிந்தியத் திருச்சபை உருவான அதே வருஷம். சிலுவைக் காட்சி 1958ல்தான் பொருத்தப்பட்டது. முதலில் மகிமை, கடைசியில் சிலுவை! மகிமையை முதலிலும் சிலுவையைக் கடைசியிலும் விரும்புவது நம்முடைய வழக்கமுமாயிருக்கிறது. அந்த 34 வருஷமும் அது ஆலயமாகவே இருந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் அடக்க ஆராதனையும் அதில் நடந்துகொண்டுதான் இருந்தன. 2024 டிசம்பரில் அது நூறு வருஷத்தை நிறைவு செய்தது.

குடும்பத்தோடு போகிறவர்கள் காலையிலேயே புறப்படுங்கள். அந்த ஜன்னல்களுக்கு வெளிச்சம் வெளியிலிருந்து, சூரியனிடமிருந்து வருகிறது. பொழுது சாய்ந்தபின் போனால் ஈயக்கோடுகளையும் கறுத்த கண்ணாடியையும் மட்டுமே காண்பீர்கள்.