பாற்கடல் என்னும் ஊரில் ஐந்து நாட்கள்

திருத்தணியைக் கடந்து பள்ளிப்பட்டு வரையில் கடைகளின் பெயர்ப் பலகைகள் தமிழில் இருக்கின்றன. அதற்கு அப்பால் சிறிது தூரம் சென்றதும் எழுத்து தெலுங்காகிவிடுகிறது. ஆனால் பேருந்தில் நம் அருகே கூடையை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் பாட்டியின் பேச்சு மாறுவதில்லை. நடத்துநரிடம் தெலுங்கில் சீட்டு வாங்குகிறார், நம் பக்கம் திரும்பி, "எந்த ஊருப்பா, யாரு வீட்டுப் பிள்ளைங்க?" என்று தமிழில் விசாரிக்கிறார். எங்கள் பாலசமுத்திரத்திற்குச் செல்லும் வழி இப்படிப்பட்டது.

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் மண்டலத் தலைமையிடம் அது. ஊரின் பெயருக்குப் பொருள் என்ன என்று என் மகன் ஒருமுறை கேட்டான். தமிழில் எழுதினால் 'பாலகன்' என்பதற்கும் 'பால்' என்பதற்கும் ஒரே எழுத்துதான். தெலுங்கிலோ இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஊர்ப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்து, "பாலு அண்ணா, குடிக்கிற பாலு" என்று அவனுக்குச் சொன்னவள் அந்த ஊரின் இரண்டாம் வகுப்புச் சிறுமி. பாலின் சமுத்திரம், அதாவது பாற்கடல். மாந்தோப்பும் கரும்பும் உள்ள மேட்டு நிலத்து ஊருக்கு இத்தனை பெரிய பெயரா என்று வியக்க வேண்டியதில்லை. ஏரியைச் சமுத்திரம் என்று அழைப்பது தென்னாட்டின் பழைய வழக்கம்.

இந்த நிலத்தின் வரலாறும் சற்றுச் சிக்கலானதே. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாக ஏற்படும் வரையில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமே சித்தூராகத்தான் இருந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. எல்லை வழக்கு நெடுநாள் நடந்து, படாஸ்கர் அளித்த பரிந்துரையின் மேல் 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்து சேர்ந்தது. பாலசமுத்திரம் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக் கோடு வயல்களுக்கு நடுவே போயிற்று. பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டைத் தாண்டி இன்றும் நடக்கின்றன.

தண்ணீருக்கும் இந்த எல்லை தெரியாது. அருகிலுள்ள கார்வேட்டிநகரம் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் அது நிரம்பித் திறக்கப்பட்டால் பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆறு பெருக்கெடுக்கும். 2021 நவம்பரில் தரைப்பாலங்கள் மூழ்கியதை அங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகிறது. ஆகவே அம்பத்தூரிலும் ஆவடியிலும் குடியேறிய நம்மவர்கள் குழாயைத் திறக்கும்போது ஊரின் மழையும் அதில் கொஞ்சம் கலந்து வருகிறது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. அவர்கள் நம்புவதில்லை, வரைபடத்தைக் காட்டிய பின்பே நம்பினார்கள்.

அன்பான வாசகர்களே, நம்மில் பலர் ஊருக்குப் போவது பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும்தான். ஐந்து நாட்கள் கிடைத்தால் அதிகம். அவற்றிலும் ஒரு நாள் திருமண வீட்டிற்கும், ஒரு நாள் நிலப் பத்திரத்திற்கும், ஒரு நாள் உறவினர் வீடுகளுக்கும் போய்விடுகிறது. மீதி நேரத்தில் பெரியவர்கள் ஒரு மூலையில் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் இன்னொரு மூலையில் கைபேசியோடு அமர்ந்திருக்கிறார்கள். நகரத்தில் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் தகப்பனும், ஊரில் பகல் முழுவதும் கிடைத்த தகப்பனும் பிள்ளைக்கு ஒரே மாதிரி தூரமாகவே இருந்துவிடுவதைப் பல வீடுகளில் காண்கிறோம்.

ஊரின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. நோட்டுப் புத்தகங்களும் பென்சில் பெட்டிகளும் வாங்கிச் செல்கிறோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். நோட்டு தேவைதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையின் கையில் புது நோட்டு என்ன செய்யும்? கிராமப்புறக் கல்வியைப் பற்றிய 2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வின்படி, நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கக் கூடியவர்கள் 44.8 விழுக்காட்டினர். பாதிக்கு மேற்பட்டவர்களால் முடியவில்லை.

எல்லையோர ஊர்களில் இந்தக் கஷ்டம் இரட்டிப்பாகிறது. ஆந்திர அரசுப் பள்ளிகளின் பாடப்புத்தகங்களில் இப்போது ஒரு பக்கம் தெலுங்கும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமும் அச்சிடப்படுகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அந்நியம். சித்தூர் மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இல்லாமல் இல்லை. எல்லா ஊர்களிலும் இல்லை. முதல் வகுப்பில் ஆசிரியை கேட்பது புரியாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையை மந்தமான பிள்ளை என்று வீட்டாரே முடிவு செய்துவிடுகிறார்கள். அது மந்தமன்று, மொழி புரியாத மௌனம். நம் வீட்டு நிலைமை அதைவிட வேடிக்கையானது. நகரத்தில் வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் தெலுங்கு வாசிக்கிறார்கள். இருவரும் பேசுவது தமிழ். அந்தத் தமிழைத் தடையின்றி வாசிப்பவர் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியம்மா ஒருவரே.

இதற்கு ஒரு வழியைப் பிறர் கண்டிருக்கிறார்கள். அதுவும் வெகு தொலைவில் அன்று. சித்தூரிலிருந்து மேற்கே பலமனேர், புங்கனூர் வழியாகச் சென்றால் மதனப்பள்ளி வரும். 2022 வரையில் அதுவும் சித்தூர் மாவட்டமே. நம் ஜனங்களுக்குத் தெரிந்த ஊர்தான். 1863 முதல் மிஷனரி டாக்டர் ஜேக்கப் சேம்பர்லின் தங்கி ஊழியம் செய்த இடம். அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை 1915இல் தொடங்கியது. சித்தூரிலும் வேலூரிலும் ஆரணியிலும் 1853இல் வேரூன்றிய ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்தவர்கள், கிராமத்தில் சபை உண்டான இடங்களில் சிறு பள்ளியையும் நடத்தி வந்தார்கள். ஞாயிறன்று பிரசங்கிக்கும் உபதேசியாரே திங்களன்று எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். நம் தாத்தாக்களில் சிலர் கையெழுத்துப் போடக் கற்றது அப்படித்தான்.

மதனப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டரில், ஹார்ஸ்லி மலைப் பக்கத்தில், ரிஷிவேலி பள்ளி இருக்கிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவியது. அவருடைய தத்துவம் இங்கே நம் பொருளன்று. வசதியுள்ளோர் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்கள், 1980களில் சுற்றுவட்டாரக் குக்கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பத்மநாப ராவ், ரமா என்னும் தம்பதியர் அந்தப் பணிக்கு உருவம் கொடுத்தனர். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். எப்படிக் கற்பிப்பது?

அவர்கள் பாடப்புத்தகத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு விலங்கோ பறவையோ அடையாளமாக இருக்கும். சுவரில் ஓர் ஏணிப் படம். தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். சிலர் ஆசிரியரோடு அமர்வர், சிலர் மூத்த பிள்ளையோடு, சிலர் தனியே. ஆடு மேய்க்கவோ கடலை பிடுங்கவோ போய்ப் பத்து நாள் கழித்து வரும் பிள்ளைக்கு இதனால் பெரிய நன்மை உண்டாயிற்று. வகுப்பு முன்னே போய்விடவில்லை; அது விட்ட அட்டை அங்கேயே காத்திருந்தது. ஊரின் கதைகளும் பாட்டுகளும் பொம்மலாட்டமும் பாடத்தில் சேர்ந்தன. தாய்மார்கள் பள்ளிக்கு வந்து கதை சொன்னார்கள்.

இந்த முறை சென்னைக்கும் வந்தது. 2003இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியால் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கப்பட்டு, 2007இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் விரிந்தது. பாய் விரித்த வகுப்பும், பிள்ளையின் உயரத்திற்குத் தாழ்ந்த கரும்பலகையும் வாசகர்களில் சிலருக்கு நினைவிருக்கும். 2022 முதல் அதன் இடத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடைபெறுகிறது. ஆனால் மதனப்பள்ளி மலையடிவாரத்து அட்டைகள் பதினைந்து ஆண்டுகள் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தன என்பது சிறிய காரியமன்று.

இந்த அட்டைகளின் சிறப்பே, பெரிய கட்டடமோ பெரும்பணமோ கேட்காதது. ஆகையால் சென்ற ஆண்டு பொங்கலுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு மாதம் மாலை நேரங்களில் அட்டை வெட்டினோம். பழைய திருமண அழைப்பிதழ்களின் வெள்ளைப் பக்கம் இதற்கு மிகவும் ஏற்றது. வீட்டில் அவை ஒருபோதும் குறைவதில்லை. மகள் படம் வரைந்தாள், மகன் வெட்டினான், என் மனைவி தமிழில் எழுதினாள். தெலுங்கு எழுத்துக்கு இடம் விட்டு வைத்தோம், ஏனெனில் எங்களில் யாருக்கும் அது தெரியாது. தொலைக்காட்சி அந்த மாதம் பெரும்பாலும் அணைந்தே கிடந்தது. யாரும் அதை அணைக்கச் சொல்லவில்லை.

ஊரில் அந்த வெற்றிடங்களை நிரப்பியவர்கள் ஊர்ப் பிள்ளைகள். பால் என்று நாங்கள் எழுதியதன் கீழே அவர்கள் 'பாலு' என்று தெலுங்கில் எழுதினார்கள். ஊர் என்பதற்கு ஊரு, கண் என்பதற்கு கன்னு, கோழி என்பதற்கு கோடி, பலகை என்பதற்கு பலக. இரண்டு மொழிகளும் அக்காள் தங்கை என்று கேட்டிருக்கிறோம். திண்ணையில் அட்டைகளைப் பரப்பி வைத்தபோது அது பிள்ளைகளின் கண்ணுக்கே தெரிந்தது. ஏரிக்குச் 'செருவு' என்று வந்தபோது மட்டும் சற்று விவாதம் நடந்தது. பெரியம்மா தலையிட்டு, செறு என்றால் தமிழிலும் வயல் என்ற பொருள் உண்டு என்றார். அவர் படித்தது அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு.

நகரப் பிள்ளைகள் கொடுப்பவர்களாகவும் ஊர்ப் பிள்ளைகள் வாங்குபவர்களாகவும் இல்லாமல் போனதுதான் எனக்குப் பிடித்தது. தெலுங்கு எழுத்தில் என் மகன் பூஜ்யம். அவனுக்கு ஓர் ஏழு வயதுச் சிறுவன் கையைப் பிடித்து 'ப' எழுதக் கற்றுக்கொடுத்தான்.

இதை முயல விரும்புவோருக்குச் சில விவரங்கள். நம் விடுமுறை நாட்களில் ஆந்திரப் பள்ளிகளுக்கும் சங்கராந்தி விடுமுறை. கோடையில் பள்ளி திறக்க ஜூன் இரண்டாம் வாரம் ஆகும். ஆகவே பள்ளிக்குள் போய் உதவுவதைவிடத் திண்ணையில் அமர்வதே நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் தலைமை ஆசிரியரை முன்கூட்டியே சந்தித்து, எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது அவசியம். அவர்களுக்குப் போட்டியாக யாரோ வந்துவிட்டார்கள் என்ற எண்ணம் உண்டாகக் கூடாது. மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் அருகிலேயே கார்வேட்டிநகரத்தில் இருப்பதால், அங்கு படிக்கும் இளைஞர்களிடம் கேட்டால் தெலுங்கு அட்டைகளைத் திருத்திக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யிலும் தன்னார்வலர்கள் மாலையில் ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஒதுக்கினார்கள். பிள்ளைகளைப் படம் எடுத்துப் பிறருக்கு அனுப்புவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பணம் கொடுக்க விரும்பினால், பத்தாம் வகுப்புக்குப் பின் படிப்பை நிறுத்தும் நிலையிலுள்ள ஒரு பெண் பிள்ளையின் பேருந்துச் செலவை ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ளலாம். அது நூறு பென்சில் பெட்டிகளைவிட அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

நாம் திரும்பிய பின் என்ன ஆகும் என்பதே உண்மையான கேள்வி. ஐந்து நாள் உற்சாகம் ஆறாம் நாள் பேருந்தில் ஏறிவிடும். எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி அட்டைப் பெட்டியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். ஞாயிறு மாலையில் ஆறேழு பிள்ளைகள் பெரியம்மாவின் திண்ணையில் கூடுகிறார்கள். சில வாரங்களில் இரண்டு பேர்தான் வருகிறார்கள். மாங்காய்ப் பருவத்தில் ஒருவரும் வருவதில்லை, எல்லோரும் தோப்பில் இருப்பார்கள். போன மாதம் அவள் தொலைபேசியில் பேசினாள். கழித்தல் கணக்கு அட்டைகளில் நான்கு தொலைந்துவிட்டனவாம், ஆட்டுக்குட்டி ஒன்றைத் தின்றுவிட்டதாம். தசரா விடுமுறைக்கு வரும்போது அவற்றையும், எட்டாம் வாய்ப்பாடு வரையில் புதிய அட்டைகளையும் கொண்டுவரச் சொன்னாள். இந்த முறை கொஞ்சம் கெட்டியான காகிதத்தில் வேண்டுமாம்.