சேராக் கடிதங்களின் அறை

முகவரி தவறியும் பெறுவோர் இன்றியும் தேங்கிப்போகும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்து முடிவு செய்வதற்கென அமெரிக்க அஞ்சல் துறை 1825இல் ஓர் அலுவலகம் திறந்தது. 'டெட் லெட்டர் ஆஃபிஸ்' என்பது அதன் பெயர். 1992இல் அப்பெயரை மாற்றிவிட்டார்கள். மெல்வில்லின் 'பார்ட்டில்பி' கதையைப் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். அந்த எழுத்தன் முன்பு அங்கே வேலை பார்த்தவனாம் என்றொரு வதந்தியோடுதான் கதை முடிவை நெருங்குகிறது. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரின் ஆர்.ஈ.எம். குழு, 1987 ஏப்ரலில் தன் மிச்சம் மீதிகளைத் திரட்டி வெளியிட்டபோது இப்பெயரையே சூட்டியது.

சில மாதங்களாக நாங்கள் மூவர் அத்தொகுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறோம். காரணம் இசை மட்டுமன்று. மறைந்த நண்பர் ஒருவரின் நான்கு குறிப்பேடுகள் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அவர் வாழ்நாளில் அச்சேறியவை ஒரு சிறு நூலளவுக் கவிதைகளே. குறிப்பேடுகளில் இருப்பவை அரைகுறை மொழிபெயர்ப்புகள், பிறர் பாணியில் விளையாட்டாக எழுதியவை, எழுதி அடித்தவை. அவற்றை அச்சிடுவதா கூடாதா என்பது எங்களுக்குள் தீராத வழக்கு. இத்தொகுப்பை ஒலிநாடாவில் பதிந்து எங்களுக்குத் தந்தவரும் அவர்தாம்.

இசைத்தட்டில் பதினைந்து பாடல்கள். பெரும்பாலானவை ஒற்றைப் பாடல் தட்டுகளின் பின்பக்கத்தில் இடம் நிரப்ப வந்தவை. முதற்பாடலே பிறருடையது: அதே ஊரின் பைலான் குழு பாடிய 'கிரேசி'. தங்கள் முதல் குறுந்தொகுப்பு வெளியான வேளையில் வானொலியில் அதைக் கேட்டு, 'நம்முடையதைவிட இது எவ்வளவோ மேல்' என்று மனம் சோர்ந்ததாகக் கிட்டார்க் கலைஞர் பீட்டர் பக் உறைக் குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். பைலான் 1983இலேயே கலைந்துவிட்டது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவுக்கு மூன்று பாடல்கள். கடன்பட்டவர்கள் கணக்கைத் திறந்து காட்டும் நேர்மை அதில் இருக்கிறது. ஏரோஸ்மித்தின் பாடலை ஒருமுறை கேட்டால் போதும். ராஜர் மில்லரின் 'கிங் ஆஃப் த ரோட்' நல்ல போதையில் பாடப்பட்டது. உலகில் நீதி இருந்தால் மில்லர் எங்கள்மேல் வழக்குத் தொடுக்கலாம் என்கிற பொருளில் பக்கே எழுதிவிடுகிறார். உள்ளூர் பார்பெக்யூ உணவகம் ஒன்றுக்கு விளம்பரமாக நினைத்த உளறலும் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

எங்கள் வழக்கில் சாட்சியாக வந்தது நான்காம் பாடல், 'வாய்ஸ் ஆஃப் ஹெரால்ட்'. 1984இல் வெளியான 'ரெக்கனிங்' தொகுப்புக்காக 'செவன் சைனீஸ் ப்ரதர்ஸ்' என்ற பாடலைப் பதிந்துகொண்டிருந்தார்கள். மைக்கேல் ஸ்டைப்பின் குரல் எழும்பவில்லை. காதுக்கு எட்டாத முணுமுணுப்பாகவே இருந்தது. தயாரிப்பாளர் டான் டிக்சன் அங்கே கிடந்த பழைய கிறித்தவப் பாடல் தட்டு ஒன்றை எடுத்து, இதைப் பாடு என்று நீட்டினார். ரெவலேர்ஸ் என்னும் குழுவின் தட்டு அது. ஸ்டைப் அதன் உறையில் அச்சாகியிருந்த புகழுரையை, பாடகர் பெயர்கள் உட்பட, அதே மெட்டில் பாடினார். குரல் திறந்துகொண்டது. பிறகு உரிய வரிகளைப் பாடி முடித்தார். கேலியாகத் தொடங்கியிருக்கலாம்; கேட்கும்போது கேலி தெரியவில்லை. முன்பின் அறியாத பாடகர்களை ஒருவர் மனமுருகிப் போற்றுவதாகவே ஒலிக்கிறது. எங்களில் இருவருக்கு மூலப்பாடலைவிட இதுவே பிடித்திருக்கிறது.

நண்பரின் மூன்றாம் குறிப்பேட்டில், பேருந்துப் பயணச்சீட்டின் பின்புறத்து நிபந்தனைகளை அவர் ஆசிரியப்பாவில் பாடி வைத்திருக்கிறார். சீர் தளை பிசகவில்லை. எதிர்ப்பக்கத்தில், இன்று பலரும் நினைவுகூரும் அவருடைய கவிதையின் முதல் வரைவு. இரண்டுக்கும் ஒரே பேனா மை. ஒன்று மற்றொன்றைத் திறந்துவிட்டது என்கிறார் எங்களில் ஒருவர். பேனா ஒன்றாக இருந்தால் மனநிலையும் ஒன்றாகிவிடுமா என்று கேட்கிறார் இன்னொருவர்.

ஒரு வேற்றுமையை நாங்கள் மூவருமே மறுக்கவில்லை. தன் குப்பையைத் தானே கிளறி, இது தேறும், இது தேறாது, இதற்காக வெட்கப்படுகிறேன் என்று சொல்ல பீட்டர் பக் இருந்தார். குழு 2011 செப்டம்பரில் பிரிந்தது. அதற்கும் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அக்குறிப்பை எழுதிவிட்டார். எங்கள் நண்பர் தம்மைத் தாமே திட்டிக்கொள்ள எதையும் எழுதிவைக்கவில்லை. அவர் அடித்த வரியை நாங்கள் அச்சிட்டால், அந்த அடித்தலை அழித்தவர்களாவோம்.

மூன்றாம் குறிப்பேட்டை அடித்தல்களோடு சேர்த்துத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறோம். நான்காவது, அவர் மருத்துவமனையில் இருந்தபோது எழுதியது. அதை இன்னும் யாரும் முழுமையாகப் படிக்கவில்லை. அவருடைய மனைவி ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எங்களிடமே திருப்பித் தந்தார்.