மூவாயிரமா, எட்டாயிரமா?

ஒரு கிளையை ஒடித்து மண்ணில் ஊன்றினால் அது மரமாகும் என்பதை நாம் வியப்பேதுமின்றி ஏற்றுக்கொண்டு வாழ்கிறோம். கிளுவை வேலியும் முருங்கைப் போத்தும் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. வேலியோரம் அடித்த பூவரசங்கட்டை துளிர்ப்பதை எவரும் நின்று பார்ப்பதில்லை. சற்று யோசித்தால் அது அசாதாரணமான காரியம். மரமாகவும் பட்டையாகவும் ஆகவேண்டிய திசுக்கள், தாய்ச்செடியிலிருந்து பிரிக்கப்பட்ட சில வாரங்களில், தம் வேலையை மறந்து வேராக மாறுகின்றன. பாடப்புத்தகங்கள் இதை வேற்றிட வேர் என்கின்றன. வேர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் பிறக்கும் வேர்.

எல்லாச் செடிகளுக்கும் இந்தத் தாராள குணம் இல்லை. நந்தியாவட்டையும் செம்பருத்தியும் கேட்டதும் கொடுக்கும். காகிதப்பூவும் ரோஜாவும் யோசிக்கும். மனோரஞ்சிதம் நெடுநாள் மௌனமாக இருந்துவிட்டுப் பெரும்பாலும் இல்லை என்று சொல்லிவிடும். எனக்கு வேண்டியிருந்தது மனோரஞ்சிதம்.

கும்பகோணத்துக்கு அருகில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்ற கொடி அது. அம்மா 1971இல் மணமாகி வந்தபோது தன் தாய்வீட்டுக் கொடியிலிருந்து எடுத்த பதியனைக் கூடவே கொண்டுவந்து நட்டாள். சென்ற ஆண்டு வீட்டை விற்பது என்று நாங்கள் உடன்பிறந்தோர் கூடி முடிவெடுத்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாமான்களைப் பிரித்துக்கொள்ளும் பேச்சு வந்தபோது மட்டும், "எனக்குப் பாத்திரம் பண்டம் ஒண்ணும் வேண்டாம். அந்தக் கொடிய மட்டும் எப்படியாவது கொண்டாந்துடு" என்றாள். பத்திரப்பதிவுக்கு அப்போது பதினொரு நாட்கள் இருந்தன.

கொடியின் வேர் கிணற்று மேடைக்கு அடியில் போயிருந்தது. தோண்டி எடுக்க முடியாது. பதியன் போடுவதுதான் மனோரஞ்சிதத்துக்கு நம்பகமான வழி. ஆனால் வேர் பிடிக்கும்வரை கிளை தாய்ச்செடியோடு மாதக்கணக்கில் இருந்தாகவேண்டும். விதை போடலாம். விதையில் வருவது இந்தக் கொடியின் பிள்ளை. இந்தக் கொடி அல்ல. அம்மா கேட்டது இதே கொடியை. வெட்டி நட்ட குச்சியில்தான் அது சாத்தியம். பாட்டியின் வீட்டில் இருந்த கொடியும் கிணற்றடிக் கொடியும் உயிரியல்படி ஒரே செடி. இடம் மட்டும்தான் மாறியிருந்தது. அதை இன்னொரு முறை இடம் மாற்றவேண்டும். எனவே வேரூக்கியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த வாசிப்பு எதிர்பாராத இடங்களுக்கு அழைத்துச்சென்றது. 1880இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும், புல்நாற்றின் நுனிதான் ஒளியை உணர்கிறது, வளைவதோ அதற்குக் கீழே உள்ள பகுதி என்று காட்டினார்கள். அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே போகவேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் 1926இல் ஓட்ஸ் நாற்றின் நுனிகளை வெட்டி அகர் கட்டியின்மேல் வைத்து, பிறகு அந்தக் கட்டியை மட்டும் நுனியற்ற நாற்றின் ஒரு பக்கமாக வைத்துப் பார்த்தார். நாற்று வளைந்தது. செய்தி என்பது ஒரு வேதிப்பொருள் என்று உறுதியாயிற்று. வளர்ச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து அதற்கு ஆக்சின் என்று பெயரிட்டார்கள்.

அதே வென்ட் பின்னர் ஜாவா தீவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்குப் பணிபுரியச் சென்றார். இலைகளில் உருவாகித் தண்டின் அடிக்கு இறங்கி வேரைத் தோற்றுவிக்கும் பொருள் ஒன்று உண்டு என்று 1929இல் எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட செடி அகாலிஃபா. நம் குப்பைமேனியின் பேரினம். ஐந்தாண்டுகள் கழித்து, 1934இல், கோகல் என்பவரின் குழு இண்டோல் அசிட்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தது. எதிலிருந்து என்றால், மனிதச் சிறுநீரிலிருந்து. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. தோட்டத்தில் எது எதற்கு உதவும் என்பதைப் பற்றி அவளுக்கு எங்களைவிட விசாலமான கருத்துகள் உண்டு.

இயற்கையான இந்த அமிலம் வேரூக்கியாகக் கடையில் விற்கத் தோதானதல்ல. ஒளியில் சிதையும், செடியின் நொதிகளும் அதை விரைவில் அழித்துவிடும். 1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் சிம்மர்மேனும் வில்காக்சனும் வேறு இரண்டு பொருள்கள் இதைவிட நன்றாக வேர் பிடிக்கச்செய்வதைக் கண்டார்கள். ஒன்று இண்டோல் பியூட்டிரிக் அமிலம். மற்றது நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம். இன்றும் உலகெங்கும் நாற்றுப்பண்ணைகளில் புழங்குபவை பெரும்பாலும் இவ்விரண்டும்தான். முதலாவது மெல்ல வேலை செய்யும். செடிக்குள் சென்றபின் அதன் ஒரு பகுதி சிறிது சிறிதாக இண்டோல் அசிட்டிக் அமிலமாக மாறும். அளவு சற்றே கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது நிலையானது, வீரியமானது. மென்மையான தண்டைச் சுட்டுவிடவும் கூடும்.

இந்த அறிவோடு சென்னையில் கடைகளுக்குப் போனால் வேறோர் உலகம். ஒரு கடையில் 'வேர்ப்பொடி' என்று மட்டும் எழுதிய பொட்டலம் கிடைத்தது. உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம், எப்போது தயாரித்தது என்று ஒரு வரி இல்லை. இன்னொரு கடையில் நாஃப்தலீன் அசிட்டிக் அமிலக் கரைசலை எடுத்துக்கொடுத்து, "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்றார்கள். 4.5 சதவீதக் கரைசல் அது. பூவும் பிஞ்சும் உதிராமலிருக்க மிகவும் நீர்த்துத் தெளிப்பதற்கானது. அதில் குச்சியை அப்படியே முக்குவது, காய்ச்சலுக்கு மாத்திரைப் பட்டையை மொத்தமாக விழுங்குவது போன்றது. ஆக்சின் அளவு மீறினால் செடியைக் கொல்லும். 2,4-டி என்ற களைக்கொல்லி இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

வீட்டுச் சரக்குகளின் பட்டியலும் நண்பர்கள் வழியாக வந்து சேர்ந்தது. தேனும் இலவங்கப்பட்டைப் பொடியும் பூசணத்தைத் தள்ளிவைக்கலாம். அவை வேரூக்கிகள் அல்ல. கற்றாழைச் சாற்றில் என்ன எவ்வளவு இருக்கிறது என்பது மடலுக்கு மடல் மாறும். இளநீரில் உண்மையாகவே வளரூக்கி இருக்கிறது. ஆனால் அது சைட்டோகைனின் என்ற வகை. ஆக்சினைவிட அதன் விகிதம் ஓங்கினால் திசு துளிரை நோக்கிப் போகுமே தவிர வேரை நோக்கி அல்ல. சாணத்துக்கு மட்டும் பழைய சான்றிதழ் உண்டு. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில், மாதுளை முதலிய மரங்களின் கிளைகளைச் சாணம் பூசி நடும்படி சொல்கிறார்.

கடைசியில் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் என்றும் சதவீதமும் காலாவதி தேதியும் தெளிவாக அச்சிட்டிருந்த பொடியாகப் பார்த்து வாங்கினேன். கரைசலா பொடியா என்று கேட்டால், கரைசல்தான் எல்லாக் குச்சிக்கும் ஒரே அளவாகப் பிடிக்கும். ஆனால் இந்த அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. சாராயத்தில் கரைத்துப் பிறகு நீர் சேர்க்கவேண்டும். சாராயம் இளந்தண்டைக் கருக்குவதுண்டு. சில நொடிகள் முக்கி எடுக்கும் அந்த வேலைக்குக் கைப்பழக்கமும் வேண்டும். முப்பதே குச்சிகளை வைத்துக்கொண்டு அதைப் பழகிப்பார்க்க எனக்கு மனம் வரவில்லை. டால்க்கில் கலந்த பொடி போதும் என்று தீர்மானித்தேன்.

எஞ்சியது அளவு. பொதுவாக இளந்தண்டுக்கு 1000 பி.பி.எம்., பாதி முற்றியதற்கு 3000, நன்கு முற்றிய கட்டைக்கு 8000 என்பது நாற்றுப்பண்ணைகளின் வாய்பாடு. 3000 என்றால் ஒரு கிலோ பொடியில் மூன்று கிராம் மருந்து. மனோரஞ்சிதத்தின் பாதி முற்றிய குச்சிக்கு வாய்பாட்டின்படி 3000 போதும். ஆனால் வேர்விடத் தயங்கும் இனங்களுக்கு ஒரு படி மேலே போகலாம் என்பதும் அனுபவசாலிகளின் பேச்சு. மேலே போனால் அடி கருகலாம், துளிர்மொட்டு உறங்கிப்போகலாம். கீழே நின்றால் ஒன்றுமே நடக்காமல் குச்சி மெல்லக் காயலாம். கொடி இருக்கும்வரை இந்தச் சந்தேகத்தைச் சோதித்துத் தீர்த்துக்கொள்ளலாம். பதினொரு நாட்களுக்குப் பிறகு கொடி இருக்காது.

மொத்தம் முப்பது குச்சிகள் தேறின. அதிகாலையில், வெயில் ஏறுமுன் வெட்டினோம். பென்சில் கனம், மூன்று நான்கு கணுக்கள், கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே. மேலே இரண்டு இலைகளை விட்டு அவற்றையும் பாதியாக நறுக்கினோம். இலை முழுதாக இருந்தால் நீர் ஆவியாகிக் குச்சி வாடிவிடும், இலையே இல்லையென்றால் வேருக்கு வேண்டிய உணவு கிடைக்காது. அம்மா அவற்றை ஈரத்துணியில் சுருட்டி வாழைப்பட்டையில் பொதிந்து நாரால் கட்டினாள். பாட்டி வீட்டிலிருந்து வந்த பதியனும் இப்படித்தான் வந்திருக்கவேண்டும் என்று தோன்றியது. இரவுப் பேருந்தில் பொதியை மடியைவிட்டு இறக்கவில்லை.

மறுநாள் மொட்டைமாடி நிழலில் வேலை தொடங்கியது. நான் 3000க்குப் பதினைந்து, 8000க்குப் பதினைந்து என்று பிரித்தேன். அம்மா ஒவ்வொரு வரிசையிலிருந்தும் மூன்று மூன்றாக ஆறு குச்சிகளை எடுத்துத் தனியே வைத்தாள்.

"இதுக்கு ஒண்ணும் வேண்டாம். ஆறாவது அது பாட்டுக்கு வரட்டும்."

"ஆறும் வீணாயிடும்மா."

"எங்க அம்மா வீட்டுக் கொடி பொடியிலயா வந்துது?"

பொடி பூசாத குச்சிகள் சிலவற்றை ஒதுக்கி ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று எந்தச் சோதனைக்கூடமும் சொல்லும். நான் அதை அறிந்திருந்தும், ஆறு குச்சிகளைப் பணயம் வைக்கத் துணிவில்லாமல் தவிர்த்திருந்தேன். அவளோ வேறு காரணத்துக்காக அதைச் செய்துமுடித்தாள். மறுத்துப் பேசாமல் ஏற்றுக்கொண்டேன்.

பொடியைச் சிறு கிண்ணத்தில் தேவையான அளவு மட்டும் கொட்டிக்கொண்டேன். டப்பாவுக்குள் குச்சியை நேராகவிட்டால் ஈரமும் கிருமியும் சேர்ந்து மிச்சப் பொடி கெடும். குச்சியின் அடியை ஈரப்படுத்தி, பொடியில் தொட்டு, அதிகமாக ஒட்டியதைத் தட்டி உதிர்த்தேன். கழுவிய ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த தொட்டியில் முதலில் துளையிட்டுப் பிறகு நட்டேன். நேரே குத்தினால் பொடி மேலேயே வழிபட்டுப் போகும். அம்மா பின்னாலேயே வந்து ஒவ்வொரு குச்சியின் மேல்வெட்டிலும் ஒரு பொட்டு சாணம் வைத்தாள், பொடி பட்டது படாதது என்ற பேதமில்லாமல். முருங்கைப் போத்துக்கு ஊரில் அப்படித்தான் வைப்பார்கள். வெட்டுவாய் உலராமல் இருக்கும். பிறகு பிளாஸ்டிக் தாளால் கூடாரம். தினமும் காலையில் சற்றுத் திறந்து காற்றோட்டம்.

குச்சியைத் தலைகீழாக நட்டாலும் அது தன் அடி எது நுனி எது என்பதை மறப்பதில்லை என்று படித்திருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் ஃபெக்டிங் வில்லோ கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். வேர் பழைய அடிப்பக்கத்திலேயே, அதாவது மேலே, முளைத்தது. ஆக்சின் நுனியிலிருந்து அடி நோக்கியே நகர்கிறது என்பது பின்னாளில் கிடைத்த விளக்கம். நாம் பூசும் பொடி ஒரு தூண்டுதல்தான். குச்சிக்குள் ஏற்கெனவே மேலிருந்து கீழாக ஒரு நீரோட்டம் போல அது இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டம் வற்றிய முதிர்ந்த கட்டையில் எந்தப் பொடியும் பலிக்காது.

ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மூன்று மாதங்கள் போயின. இதற்கிடையில் பத்திரம் பதிவாயிற்று. கிணற்றைத் தூர்த்து மேடையை இடித்துவிட்டார்கள் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. அம்மா கேட்டுக்கொண்டு, கூடாரத்தின் தாளைத் திறந்துவைக்கப் போனாள்.

ஐப்பசியில் தொட்டியைக் கலைத்தோம். 3000 பூசிய பன்னிரண்டில் ஐந்து வேர் பிடித்திருந்தன. 8000 பூசிய பன்னிரண்டில் நான்கு. அந்த நான்கின் வேர்கள் அடர்த்தியாக இருந்தன, ஆனால் பிழைக்காதவற்றில் மூன்றின் அடி கறுத்திருந்தது. ஒன்றும் பூசாத ஆறில் ஒன்று. இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்து எதையும் நிறுவமுடியாது. ஆனாலும் அடுத்தவர் என்னிடம் கேட்டால் மனோரஞ்சிதத்துக்கு 3000 என்றே சொல்வேன். அளவு குறிப்பிடாத பொட்டலத்தைத் தொடவேண்டாம் என்றும் சொல்வேன்.

பத்துக் கன்றுகளில் ஆளுக்கு இரண்டாக உடன்பிறந்தோர் நால்வரும் எடுத்துக்கொண்டோம். ஒன்றை வீடு வாங்கியவருக்கே கொடுத்தனுப்பினோம். அவர் மனைவி கேட்டிருந்தாராம். மனதில் எந்தப் பழத்தை நினைத்தாலும் அந்த வாசனை வரும் என்று இந்தப் பூவைப் பற்றிச் சொல்வதுண்டு. அதற்குக் கன்றுகள் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளாவது வளரவேண்டும். பொடி பூசாத ஒற்றைக் கன்று அம்மாவின் சன்னலோரத்தில் இருக்கிறது. மற்றவற்றைவிட அது மெதுவாகத்தான் வளர்கிறது என்று நான் அளந்து சொன்னேன். "வளரட்டும், எனக்கென்ன அவசரம்" என்றாள்.