வால்ஸ்: கல்லும் தண்ணீரும்

சில நாட்களாக வால்ஸ் என்ற ஊர் மனசுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கிழக்கே கிராவுபுண்டன் மாநிலம். அதில் ஒரு பள்ளத்தாக்கின் உள்கோடி, சுமார் 1,250 மீட்டர் உயரம். ஜனம் ஆயிரம் பேர் இருப்பார்கள். நம்மூர்க் கல்யாண மண்டபம் ஒன்றே போதும், மொத்த ஊரையும் பந்தியில் உட்கார வைத்துவிடலாம்!

பள்ளத்தாக்கின் கீழே ரொமான்ஷ் மொழி. இங்கே ஜெர்மன். இடைக்காலத்தில் மேற்கிலிருந்து மலைதாண்டி வந்து குடியேறிய வால்சர்களின் வழிவந்தவர்கள் இவர்கள்.

ஊரின் சொத்து கல்லும் தண்ணீரும்தான். வீட்டுக் கூரைகளில் ஓட்டுக்குப் பதில் உள்ளூர் குவார்ட்சைட் பலகைகள். பெர்னில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்திலும் இதே கல்தான் பாவியிருக்கிறது. ஊற்றுநீர் பாட்டிலில் போகிறது; அந்தத் தொழிலை 2002-இல் கோகோ கோலா வாங்கிக்கொண்டது.

ஆனால் என்னை அசத்தியது வேறு. நொடித்துப்போன வெந்நீர் ஊற்று விடுதியை 1983-இல் ஊராட்சியே வாங்கியது. பீட்டர் சும்தோர் என்ற கட்டடக் கலைஞரை அழைத்து, அதே உள்ளூர்க் கல்லை அடுக்கடுக்காக வைத்து ஒரு குளியல் கூடம் கட்டவைத்தது. 1996-இல் திறந்தார்கள். இரண்டே வருஷத்தில் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாகிவிட்டது. உலகமே தேடி வந்தது.

2012-இல் ஊர்மக்கள் வாக்களித்து அதைத் தனியாருக்கு விற்றார்கள். வாங்க முன்வந்த இன்னொரு அணியில் சும்தோரும் இருந்தார், தோற்றுப்போனார். என்னைக் கேட்டால், அவரிடமே விட்டிருக்கலாம்.