சம்பாதியின் சிறகு

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கரிசல் காட்டின் நடுவே அந்தச் சாலையில், சிறுவயதில் தம்பி என் சைக்கிள் கேரியரில் அமர்ந்து வருவான். சென்ற மாதம் அவன் தன் சைக்கிளில் எனக்கு வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

மலையேறி, அடிப்பகுதி முடிவுறாமல் நிற்கும் வெட்டுவான் கோயிலுக்கு மேலே அமர்ந்தோம். அக்டோபரில் இமாசலத்தின் பில்லிங்கில், ஏறத்தாழ 2400 மீட்டர் உயரத்திலிருந்து பாராகிளைடரில் பறக்கப்போவதாகச் சொன்னான். அம்மாவுக்குத் தெரியாது. தடுக்கத்தான் வாயெடுத்தேன்.

சம்பாதி முருகனை வழிபட்ட தலம் என்பது இவ்வூர்ப் புராணம். சூரியனை நெருங்கிய தம்பி சடாயுவுக்குத் தன் சிறகை நிழலாக்கிக் கருகியவன் அவன். சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களும் நினைவுக்கு வந்தார்கள். இருவரும் ஒன்றாகப் பறப்பதில்லை என்று தந்தைக்கு வாக்களித்தவர்கள்; 1910இல் ஒரே ஒருமுறை, அவர் அனுமதியுடன் சேர்ந்து பறந்தார்கள்.

சம்பாதி தம்பியைத் தடுக்கவில்லை. கூடவே பறந்தான்.

“நானும் வரட்டுமா?” என்றேன்.

“வாங்கண்ணே. ஆனா அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்.”

இறங்கும்போது முழங்கால் நடுங்கியது. படிகள் செங்குத்தானவை என்று அவனிடம் சொன்னேன்.